மூன்று வயதுக் கையில் பென்சில் எதற்கு?

"மிஸ், பள்ளியில் சேர்த்து நாலு மாதம் ஆகிறது. நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லையே?"

மழலையர் வகுப்பு ஆசிரியர் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. குழந்தைப் பருவக் கல்வியில் பட்டயப் படிப்பை முடிப்பதற்கு முன்பு, "விளையாடட்டும் அம்மா, தானாக வரும்" என்று சொல்லி அனுப்புவேன். கேட்டவர் முகத்தில் நம்பிக்கை இருக்காது. இப்போது மணிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படத் தொடங்கும். நான்கு வயதில் ஏறக்குறையப் பாதிதான் தொடங்கியிருக்கும். கடைசி எலும்புக்குப் பத்து வயதை ஒட்டிவிடும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக 'அ' எழுத வைத்தால், குழந்தை எழுத்தைவிட வலியைத்தான் முதலில் அறிந்துகொள்ளும். சப்பாத்தி மாவு உருட்டுவதும், பட்டாணி உரிப்பதும், ஈரத்துணியைப் பிழிவதும் எழுத்துக்கான பயிற்சிதான். "அப்படியானால் வீட்டில் பூண்டு உரிக்கச் சொல்லலாமா?" என்று ஓர் அப்பா கேட்டார். தாராளமாக. கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எண்களிலும் இதே அவசரம். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையைப் பெற்றோர் பெருமையோடு அழைத்துவருகிறார்கள். ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை முன்னால் வைத்து, "எனக்கு ஐந்து கொடு" என்கிறேன். மூன்றரை வயதுக் குழந்தை இரண்டு கையாலும் அள்ளி, அகப்பட்டதையெல்லாம் என் மடியில் போடுகிறது. எண்ணச் சொன்னால் தடையில்லாமல் எண்ணுகிறது. "மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் கொட்டைகளின் அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இதில் குறை எதுவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் அது பிடிபடும். ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு வேலை.

பட்டயப் படிப்பு எனக்குக் கொடுத்ததில் பெரியது, குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கம். 'பிடிவாதக்காரன்' என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது என்பதுதான் முதல் பாடம். 'பொம்மைக் காரைக் கேட்டபோது தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றான்' என்று எழுத வேண்டும். கண்ணால் கண்டது மட்டும், தீர்ப்பு இல்லாமல். இப்படி இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், அவன் கட்டிப்பிடிப்பது காலையில் அம்மா விட்டுச்சென்ற அரை மணி நேரத்தில் மட்டும் என்று தெரியவரும். அந்த நேரத்தில் காரைப் பிடுங்கிப் 'பகிர்ந்து விளையாடு' என்று போதிப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது மேல். (இந்தத் திறமைக்காகச் சம்பளம் ஏறியதா என்று கேட்காதீர்கள்.)

வேறு சில குறிப்புகளில் கவலைக்கு இடம் இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை. இவர்களைப் பற்றி "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் குறைபாடுகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (குறைகளைச் சிறு வயதிலேயே கண்டு உதவும் மையங்கள்) இயங்குகின்றன. சிகிச்சை இலவசம்.

குழந்தைகள் கையால் செய்து கற்கும் முறையை வகுத்த இத்தாலியர் மாண்டிசோரி அம்மையார் 1939-லேயே சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூலே கூடாது என்று 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் (எந்த வயதில் எதை, எப்படிக் கற்பிப்பது என்பதற்கான அரசின் வழிகாட்டி) சொல்கிறது. ஆனாலும் எல்.கே.ஜி. பையில் நான்கு புத்தகமும் ஆறு நோட்டும் இருக்கின்றன. பள்ளிகளைக் கேட்டால் பெற்றோரைக் காட்டுகிறார்கள். பெற்றோரைக் கேட்டால் பள்ளியை.

அடுத்த சேர்க்கைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் கட்டணத்தோடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். ஒரு நாளில் குழந்தைகள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள்? மணலும் தண்ணீரும் கைக்கு எட்டுமா? ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள்? வகுப்பு நடக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்க அனுமதி உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்கும் பள்ளியில் விண்ணப்பம் வாங்க வேண்டாம்.