ஃபோர் வீல் டிரைவ்: 4எச், 4எல் போட்டா உள்ள என்ன நடக்குது?

எஸ்யூவில 4எச் (நாலு சக்கரமும் இழுக்குற ஹை, சாதாரண வேகத்துக்கு), 4எல் (அதே நாலு சக்கரம், லோ, ஊர்ந்து போறதுக்கு)னு போட்டிருக்குற நாப்பை பாத்ததும் பலருக்கு தோணுறது, அதை திருப்பிட்டா நாலு சக்கரமும் இழுக்கும், வண்டி எங்கயும் மாட்டாதுன்னு. நாலு சக்கரத்துக்கும் பவர் அனுப்புறது பழைய சமாச்சாரம், ஸ்பைக்கர்ங்கற டச்சு கம்பெனி 1903லயே பெட்ரோல் கார்ல பண்ணிட்டாங்க. உண்மையான தலைவலி என்னன்னா, ஓடுற வண்டில நாலு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தாது. இது ஒண்ணு புரிஞ்சா எல்லா மோடும் புரிஞ்சிடும்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். முன் ஆக்ஸிலுக்கும் (இடது வலது சக்கரங்களை இணைக்குற அச்சு) பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல 2.6 மீட்டர் இருக்குற வண்டி, முன் ஆக்ஸிலோட நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்துல வட்டம் அடிக்குதுன்னு வைங்க. பின் ஆக்ஸில் அதே தடத்துல வராது, உள்பக்கமா ஒதுங்கி சுமார் 5.4 மீட்டர் ஆரத்துல தான் வரும். ஒரு முழு சுத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட 37.7 மீட்டர், பின்னாடி 34 மீட்டர், அதாவது முன் சக்கரங்க மூணரை மீட்டருக்கு மேல கூடுதலா உருளணும்.

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ்ல (தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்குறது), ஜிம்னி மாதிரி வண்டிங்கள்ல, 4எச் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி, முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒண்ணா பூட்டிடும். ரெண்டும் ஒரே வேகத்துல தான் சுத்தியாகணும். அப்போ அந்த மூணரை மீட்டர் வித்தியாசம் எங்க போகும்? சேறு, மணல், பனின்னா டயர் கொஞ்சம் வழுக்கி அதை சரிக்கட்டிடும், பிரச்சனையே இல்ல. காஞ்ச தார் ரோட்டுல டயர் வழுக்காது, அதனால ஷாஃப்டும் கியரும் முறுக்கேறிக்கிட்டே போகும், ஸ்டியரிங் கனமாகும், வளைவுல வண்டி யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி திணறும், அதுக்கப்புறம் 2எச்சுக்கு (ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்குற மோடு) மாத்தலாம்னு பாத்தா லீவர் வராம அடம்பிடிக்கும் (நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா பெரும்பாலும் விட்டுடும்). தார் ரோட்டுல 4எச் போடாதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இதான்.

ஒவ்வொரு ஆக்ஸில்லயும் இடது வலது சக்கரங்க வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல்ங்கற கியர் அமைப்பு இருக்கும். இதுக்கு ஒரு வழி, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுலயும் அப்படி ஒரு டிஃபரன்ஷியல் வைக்கிறது. 1970ல வந்த ரேஞ்ச் ரோவர் அப்படித்தான், எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கும், தேவைப்பட்டா நடு டிஃபரன்ஷியலை லாக் பண்ணிக்கலாம். 1991ல வந்த ரெண்டாம் தலைமுறை பஜேரோவோட சூப்பர் செலக்ட்ல 4எச் போட்டு தார் ரோட்டுலயும் தாராளமா போகலாம், ஏன்னா அதுல நடு டிஃபரன்ஷியல் திறந்தே இருக்கும், பூட்டுறதுக்கு தனி மோடு உண்டு. ஆக, நாப்ல ஒரே 4எச் எழுதியிருந்தாலும் வண்டிக்கு வண்டி அர்த்தம் வேற, உங்க வண்டியோட மேனுவல்ல அந்த ஒரு பக்கத்தையாவது படிச்சிடுங்க. ஆல் வீல் டிரைவ்னு வர்ற சின்ன எஸ்யூவிங்க பலதுல நடுவுல ஒரு மல்டி பிளேட் கிளட்ச் (பல தட்டுகளை அழுத்தி பவரை கடத்துறது) இருக்கும், சாதாரணமா முன் சக்கரம் தான் இழுக்கும், வழுக்க ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் கிளட்ச்சை அழுத்தி பின்னாடியும் பவர் அனுப்பும். ரோட்டுக்கு அருமையான ஏற்பாடு, ஆனா ஆழமான மணல்ல ரொம்ப நேரம் போராடினா அந்த கிளட்ச் சூடாகி, தன்னை காப்பாத்திக்க பின் சக்கரத்தை கழட்டி விட்டுடும்.

இப்போ பலர் ஏமாந்து போற இடம். நாலு சக்கரத்துக்கும் கனெக்‌ஷன் இருந்தும் வண்டி நகராம நிக்கலாம். சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கமும் சமமான டார்க் (சுத்துற விசை) தான் குடுக்கும். மேடு பள்ளத்துல முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்துல தொங்குதுன்னு வைங்க, தொங்குற சக்கரத்தை சுத்த டார்க்கே தேவையில்ல, அதனால தரையில இருக்குற சக்கரத்துக்கும் அதே சொற்ப டார்க் தான் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் தொங்குறது மட்டும் வேகமா சுத்தும். இங்க தான் டிஃபரன்ஷியல் லாக் கைகுடுக்கும், ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா கட்டிடும். லாக் இல்லாத வண்டில ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் சாமர்த்தியமா ஒரு வேலை செய்யும், சும்மா சுத்துற சக்கரத்துக்கு மட்டும் ப்ரேக் பிடிக்கும். அந்த ப்ரேக்கை எதிர்த்து சுத்த எவ்வளவு டார்க் தேவையோ, அதே அளவு அடுத்த பக்கத்துக்கும் போய்த்தானே ஆகணும், வண்டி நகர்ந்துடும். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா இது நடக்காது, நிதானமா மிதிச்சு பிடிக்கணும்.

4எல் வேற கதை. அது கூடுதலா ஒரு கியர் குறைப்பு, ஜிம்னில கிட்டத்தட்ட 2 மடங்கு, ரேங்ளர் ரூபிகான்ல 4 மடங்கு. அதே எஞ்சின் வேகத்துல வண்டி ஊர்ந்து போகும், சக்கரத்துல டார்க் அத்தனை மடங்கு ஏறும். பாறை ஏறுறதுக்கு எவ்வளவு உதவுமோ அதைவிட செங்குத்தா இறங்குறதுக்கு தான் எனக்கு இது முக்கியமா படுது, முதல் கியர்ல விட்டா எஞ்சினே வண்டியை பிடிச்சு இறக்கும், ப்ரேக் சூடாகாது. பல வண்டில 4எச் ஓடிக்கிட்டே போடலாம், 4எல்லுக்கு நிறுத்தி நியூட்ரல் போட்டு தான் மாத்தணும்.

2004ல லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3ல டெரெய்ன் ரெஸ்பான்ஸ் வந்ததுல இருந்து மணல், சேறு, பனின்னு படம் போட்ட மோடுங்க பல எஸ்யூவிலயும் வருது. இதெல்லாம் மேல சொன்ன அதே சாமான்களை வேற வேற விதமா இயக்குற சாஃப்ட்வேர். மணல்ல வேகம் செத்துடக்கூடாது, அதனால சக்கரம் கொஞ்சம் சுத்த விடும். பனில ஆக்ஸிலரேட்டரை மந்தமாக்கும், ஏன்னா திடீர்னு டார்க் வந்தா கிரிப் போயிடும்.

ப்ரேக் பிடிக்கும்போது இது எதுவும் பெருசா உதவாது, எல்லா கார்லயும் நாலு சக்கரத்துக்கும் ப்ரேக் உண்டு, நிக்கிறது டயரோட பிடிமானத்துல தான். அந்த டயர்லயும் ஒரு விஷயம் இருக்கு. ஆல் வீல் டிரைவ்ல தேய்ஞ்ச மூணோட ஒரு புது டயர் போட்டா அதோட சுத்தளவு கூட இருக்கும், நேர் ரோட்டுல போனாலும் அது மெதுவா தான் சுத்தும், வண்டி விடாம வளைவுல போற மாதிரி உள்ள இருக்குற கிளட்ச்சும் டிஃபரன்ஷியலும் ஓயாம உழைச்சு தேயும், அதனால தான் இந்த மாதிரி வண்டிக்கு நாலையும் சேர்த்து மாத்த சொல்றாங்க.