கல்லீரல் மாற்றுக்குப் பிறகு பயாப்சி: முதல்வர் காப்பீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்லீரல் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர் நன்றாகத்தான் இருப்பார். இட்லி சாப்பிடுகிறார், வாசல்வரை நடக்கிறார். ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி, ஜிஜிடி அளவுகள் எல்லாம் திடீரென ஏறியிருக்கும். "பயாப்சி எடுக்கணும், அட்மிட் ஆகுங்க" என்பார் டாக்டர். கல்லீரலிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை ஊசியால் எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்சி. மறுபடியும் ஊசியா, மறுபடியும் செலவா என்று குடும்பம் தயங்குவது இங்கேதான். அந்தத் தயக்கத்தில் நாட்கள் போய்விடக் கூடாது.

அளவுகள் ஏறினாலே ரிஜெக்‌ஷன், அதாவது உடல் புதிய கல்லீரலை நிராகரிக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பித்தக்குழாய் சுருங்கினாலும், கல்லீரல் தமனியில் ரத்தம் உறைந்தாலும், சைட்டோமெகலோ வைரஸ் தொற்றினாலும், மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதே அளவுகள் ஏறலாம். தமனியையும் குழாயையும் ஸ்கேனில் பார்த்துவிடலாம். ரிஜெக்‌ஷனை உறுதி செய்யத் திசுவைப் பார்த்தாக வேண்டும். ரிஜெக்‌ஷன் என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். பல இடங்களில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சில நாட்கள் போடுவார்கள். தொற்று என்றால் அந்த அடக்குதலையே குறைக்க வேண்டி வரலாம். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குக் கேடு. ஊகத்தில் சிகிச்சை தொடங்குவதைவிட பயாப்சிக்குச் சம்மதிப்பதே மேல்.

வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக மருந்து செலுத்தி, அல்ட்ராசவுண்டில் பார்த்து எடுப்பார்கள். மூச்சை அடக்கச் சொல்லும் அந்த ஓரிரு நொடியில் ஊசி போய் வந்துவிடும். வருவது சேமியா இழை மாதிரி ஒரு துணுக்கு. நீளம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் பாட்டிலுக்குள் போகும்போது லேபிளில் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம் சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலது தோள் வலிக்கலாம். ரத்தக்கசிவு அரிதுதான், ஆனாலும் உண்டு. அதனால்தான் ரத்தம் சரியாக உறைகிறதா என்று அறிய முன்னதாகவே பிளேட்லெட், ஐஎன்ஆர் பார்க்கிறார்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'ஆர்ஏஐ' என்று ஒரு எண் இருக்கலாம். கனடாவின் பான்ஃப் நகரப் பெயரில் வழங்கும் முறை அது. போர்ட்டல் பகுதி (கல்லீரலுக்குள் ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடம்) அழற்சி, பித்தக்குழாய்ச் சேதம், சிரையின் உட்சுவர் அழற்சி மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 9. எண் கூடக்கூட ரிஜெக்‌ஷன் கடுமையானது.

சரி, செலவு? தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. கல்லீரல் மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனியாகத் தொகுப்பு நிதியும் இருக்கிறது. அட்மிஷன் போடும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள். பயாப்சியும் அதன்பின் போடும் ஊசியும் எந்த முன் அனுமதியில் வருகின்றன என்று நேராகக் கேளுங்கள். கையிலிருந்து பணம் கட்டச் சொன்னால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தே விசாரிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தைச் சிகிச்சைக்கும் தந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு திரும்பிவிடாமல் முழு நோயியல் ரிப்போர்ட்டையும் ஸ்லைடு எண்ணோடு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளவு ஏறினால், புதிய துணுக்கை எதோடு ஒப்பிடுவது என்று டாக்டர் தேடுவது அந்தத் தாளைத்தான்.