4 கிலோ எப்படி 60 கிராம் ஆச்சு?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கீழ் கோர்ட் 10 வருஷம் குடுத்துச்சு, ஹைகோர்ட் குறைக்க மாட்டேன்னுடுச்சு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் மட்டும் லேப் ரிப்போர்ட்டை வச்சு எப்படிங்க குறைச்சுது?"

அவர் கேக்குறது 2008-ல தீர்ப்பு வந்த ஒரு கேரள ஹெராயின் வழக்கு. நம்ம போதைப்பொருள் சட்டம் 1985-ல வந்தது, 2001 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை அளவைப் பொறுத்துத்தான். ஹெராயின்னா 5 கிராம் வரைக்கும் சின்ன அளவு, 250 கிராம் தாண்டுனா வணிக அளவு. வணிக அளவுன்னு ஆயிட்டா குறைஞ்சபட்சமே 10 வருஷம், ஜட்ஜ் மனசு வச்சாலும் அதுக்குக் கீழ இறங்க முடியாது. அந்தாளுகிட்ட பிடிச்சது 4.07 கிலோ. ஆனா லேப் ரிப்போர்ட்ல சுத்தம் ஒரு சாம்பிள்ல 1.4 சதவீதம், இன்னொண்ணுல 1.6 சதவீதம். கணக்குப் போட்டா நிஜ ஹெராயின் சுமார் 60 கிராம்தான், மீதியெல்லாம் கலப்படம். சுப்ரீம் கோர்ட் அந்த 60-ஐ எடுத்துக்கிட்டு தண்டனையை 6 வருஷமா குறைச்சுது.

சரி, பொடியைப் பார்த்து சதவீதம் எப்படி சொல்றாங்க? இதுக்கு லேப்கள்ல வழக்கமா இருக்குறது கேஸ் க்ரோமட்டோகிராஃப்னு ஒரு மெஷின், எனக்கு ரொம்பப் பிடிச்ச மெஷின். பொடியைக் கரைச்சு ஒரு மைக்ரோலிட்டர் ஊசியில எடுத்து 250 டிகிரி சூட்டுல விட்டா ஆவியாயிடும். அந்த ஆவியை ஹீலியம் வாயு ஒரு நீளமான குழாய்க்குள்ள தள்ளிட்டுப் போகும். குழாய் சுமார் 30 மீட்டர் நீளம், உள்விட்டம் கால் மில்லிமீட்டர், சுருட்டி ஒரு அடுப்புக்குள்ள வச்சிருப்பாங்க, உள்சுவத்துல மெல்லிசா சிலிகோன் பூச்சு. வாயுவுல மிதக்கும்போது எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்துலதான் போகுது! வித்தியாசம் எங்கன்னா, பூச்சுல ஒட்டி நிக்கிற நேரத்துல. டவுன் பஸ்ஸும் எக்ஸ்பிரஸ்ஸும் ஒரே ரோட்டுல ஒரே வேகத்துல போனாலும் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிறது லேட்டா வரும்ல, அதேதான். கலப்படமா போட்ட பாராசிட்டமாலும் கஃபீனும் சீக்கிரம் வெளிய வந்துடும், ஹெராயின் நின்னு நின்னு கடைசியா வரும். ஒவ்வொண்ணும் வரும்போது பேப்பர்ல ஒரு மேடு விழும், மேட்டோட பரப்பளவுதான் அளவு.

ஆனா ஊசி ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு மைக்ரோலிட்டர்தான் எடுக்கும்னு என்ன நிச்சயம்? இதுக்கு ஒரு வேலை பண்ணுவாங்க பாருங்க, அதை முதல்ல படிச்சப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. அதே பாட்டில்ல, தெரிஞ்ச அளவுல வேற ஒரு பொருளையும் முன்னாடியே கலந்துடுவாங்க. ஊசி கொஞ்சம் கூட எடுத்தா ரெண்டு மேடும் சேந்து பெருசாகும், குறைச்சா ரெண்டும் சேந்து சிறுசாகும், விகிதம் மட்டும் அசையாது. அந்த விகிதத்துல இருந்துதான் 1.4-னு எழுதுறாங்க.

இதுல என் வருத்தம் என்னன்னா, எந்த அளவுக்கும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அந்தக் கூடக்குறையையும் சேத்து ரிப்போர்ட்ல எழுதணும். மெஷின் சொன்னா வேதவாக்குன்னு நினைக்கிறதும் ஒரு மூடநம்பிக்கைதான். தடய அறிவியல் லேப்களுக்கு ஆளும் காசும் கூட வேணும், ஒரு மனுஷனோட வருஷக்கணக்கான வாழ்க்கை அந்தத் தாள்ல இருக்கு.

நிஜ ஹெராயினை மட்டும் எடை போட்டு தண்டனையைக் குறைக்குற அந்த வழி இப்போ மூடியாச்சு. 2009-ல அரசு அறிவிப்பு, 2020-ல மூணு நீதிபதிகள் தீர்ப்பு, ரெண்டுமே கலப்படத்தையும் சேத்துத்தான் எடை போடணும்னு சொல்லிடுச்சு. இன்னைக்கு அதே 4.07 கிலோன்னா வணிக அளவுதான். அதனால அப்பீல்ல வக்கீல் தேடுறது வேற: சாம்பிளை மாஜிஸ்திரேட் முன்னாடி எடுத்தாங்களா, சீல் உடையாம லேபுக்குப் போச்சா, தராசுல வைக்கும்போது பாலிதீன் கவரோட எடையைக் கழிச்சாங்களா.