தோல் தோலாகவே இருக்கட்டும்: முகப்படத்தில் டச்சப் வேலை

செல்போனின் பியூட்டி மோடில் எடுத்த முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வருவதற்குக் காரணம் இருக்கிறது. முகத்தை வழவழப்பாக்கப் பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று, 1998-ல் டொமாசியும் மண்டூச்சியும் முன்வைத்த பைலேட்டரல் ஃபில்டர். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் வெளிச்ச வித்தியாசம் குறைவாக இருந்தால் அது கலந்து சமமாக்கிவிடும். வித்தியாசம் அதிகமானால் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். இமையும் புருவமும் உதட்டோரமும் இதனால் தப்பிக்கின்றன. தோல் துவாரங்களின் வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் கரும்புள்ளியோடு சேர்ந்து அவையும் போய்விடுகின்றன. கூர்மையான கண், துவாரமே இல்லாத கன்னம் என்ற முரண்பாட்டைப் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

துவாரம், மெல்லிய ரோமம், சுருக்கம் எல்லாம் நுண்விவரம். நிறத்திட்டும் நிழலும் பரந்த மாற்றம். நல்ல டச்சப் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தொடுகிறது. அதற்கான முறைதான் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன்.

போட்டோஷாப்பில் படத்தை இரண்டு பிரதி எடுத்து (ஒவ்வொன்றும் ஒரு லேயர், அதாவது அடுக்கு), மேல் லேயரை மறைத்துவிட்டுக் கீழ் லேயருக்கு காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டர் கொடுக்க வேண்டும். பிறகு மேல் லேயரைத் திறந்து, அப்ளை இமேஜில் கீழ் லேயரைத் தேர்ந்து, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 என்று வைத்து, லேயரின் கலப்பு முறையை (பிளென்ட் மோட்) லீனியர் லைட்டுக்கு மாற்ற வேண்டும். கணக்கு எளியது. ஒரு பிக்சலின் வெளிச்ச மதிப்பு 150, பிளருக்குப் பின் 140 என்றால், வித்தியாசமான 10-ல் பாதியை 128-உடன் கூட்டி மேல் லேயரில் 133 பதிவாகும். லீனியர் லைட் அந்த 5-ஐ இரட்டிப்பாக்கி 140-உடன் சேர்க்க, பழைய 150 திரும்பிவிடும். வித்தியாசம் 11 ஆக இருந்தால் பாதியாக்கும்போது முழு எண் கிடைக்காது. முழு எண்ணாகவே பதியும் 8 பிட் படத்தில் அந்தத் துணுக்கு தொலையும். அதனால் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் வேலை செய்வது நல்லது. அங்கே அமைப்பு வேறு: ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0.

பிளர் ரேடியஸில், அதாவது எவ்வளவு அகலத்துக்கு மங்கலாக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தில் முகம் ஃபிரேமை நிறைத்தால் 6 முதல் 10 பிக்சல், இடுப்பளவு படத்துக்கு 4 முதல் 6 என்று ஆரம்பிக்கலாம். துவாரம் மறையும் புள்ளியில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் மூக்கின் நிழலும் நுண்விவரம் உள்ள மேல் லேயருக்குள் ஏறிவிடும்; பிறகு இரண்டையும் பிரித்ததில் பயனில்லை.

பருவின் மேடு மேல் லேயரில் இருக்கும். ஹீலிங் பிரஷ்ஷின் சாம்பிளை ‘கரன்ட் லேயர்’ என்று வைத்து, பக்கத்திலேயே மாதிரி எடுங்கள். நெற்றித் துவாரத்தைக் கன்னத்தில் ஒட்டினால் அளவு பொருந்தாது. பருவின் சிவப்பு கீழ் லேயரில் இருக்கும்: லாசோவில் 15 பிக்சல் ஃபெதரோடு (விளிம்பை மென்மையாக்கி) சின்னதாகத் தேர்ந்து, 20 பிக்சல் அளவு பிளர். தாடை விளிம்பையோ மூக்கு நிழலையோ தேர்வுக்குள் விட்டால் அந்த நிறம் கன்னத்தில் அழுக்காகப் பரவும்.

திட்டு எங்கே என்று தெரியவில்லையா? கிரீன் சானலை, அதாவது படத்தின் பச்சைப் பகுதியை மட்டும் பாருங்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், சிவந்த இடமெல்லாம் அங்கே கறுப்பாகத் தெரியும். ரெட் சானலில் அதே முகம் பளிங்காக இருக்கும்.

நேரம் இருந்தால், இடம் இடமாக வெளுத்தும் கறுத்தும் சமன்செய்யும் டாட்ஜ் அண்ட் பர்ன் இதைவிட மேல். பிளர் துளியும் இல்லை. கறுப்பு மாஸ்க் (விளைவை மறைக்கும் திரை) போட்ட இரண்டு கர்வ்ஸ் லேயர், ஒன்று வெளிச்சத்தை ஏற்ற, ஒன்று இறக்க. 1 முதல் 3 சதவீத ஃப்ளோவில் (ஒரு தடவைக்குப் படியும் அளவு) மாஸ்க்கின் மேல் வெள்ளைப் பிரஷ்ஷால் திட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமன்செய்வது. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த ஸ்டூடியோக்காரர்களின் கணக்கும் இதுதான்: பென்சில் பட்ட இடத்தில் நெகட்டிவ் அடர்ந்து, பிரின்ட்டில் அந்த இடம் வெளுக்கும். இறக்கும் கர்வ் நிறச்செறிவையும் கூட்டும். முகம் செம்மண்ணாகத் தெரிந்தால் அதன் மேல் ஹ்யூ சாச்சுரேஷனில் சற்றுக் குறையுங்கள்.

கண்ணுக்குக் கீழ்க் கருமையை முழுக்க நீக்காதீர்கள். தனி லேயரில் சரிசெய்து ஒபாசிட்டியை 50 சதவீதத்துக்கு இறக்கினால் போதும். விழிவெண்மையில் மேலிமையின் நிழல் விழுந்தாக வேண்டும். அதை வெளுத்தால் விழியின் உருண்டை போய்விடும். இரண்டு வாரத்தில் ஆறும் பருவை எடுங்கள். மச்சத்தையும் பழைய தழும்பையும் அவர் கேட்டால் மட்டும்.

கல்யாண ஆல்பங்களில் மாநிறத்தையும் கறுப்பையும் வெளுப்பாக்குவது தொழில்நுட்பப்படியும் தவறு. கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் நெற்றியிலும் கன்னமேட்டிலும் விழும் பளபளப்பு. மத்திய டோனைத் தூக்கினால் தோலுக்கும் பளபளப்புக்கும் உள்ள இடைவெளி சுருங்கி முகம் தட்டையாகும். தூக்கிய நிழலில் நீலச் சானலின் இரைச்சலும் (புள்ளிப்புள்ளியான நாய்ஸ்) வெளியே வரும். முகம் இருட்டாக விழுந்திருந்தால் முதலில் ரா ஃபைலில் (கேமராவின் பதப்படுத்தாத மூலப்படம்) எக்ஸ்போஷரைச் சரிசெய்து, கழுத்தும் கையும் அதே நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பிரஷ்ஷைத் தொடுங்கள்.