விமானப் பயணத்துக்குக் கார்பன் ஈடு: வரிசை எண்ணைக் கேளுங்கள்

விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில், 'சில நூறு ரூபாய் சேர்த்துக் கட்டுங்கள், உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டிவிடுகிறோம்' என்று ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். வேறெங்கோ உமிழ்வைக் குறைத்து, அதைக் கிரெடிட்டாக விற்கும் கார்பன் திட்டங்களைத் தணிக்கை செய்வது என் தொழில் என்பதால், எந்த நிறுவனத்திடம் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நிறுவனத்தைவிடத் திட்டத்தைப் பாருங்கள் என்பதே என் பதில். விற்பவர் பெரும்பாலும் கடைக்காரர் மட்டுமே. சரக்கு வேறெங்கோ விளைகிறது.

ஒரு கிரெடிட் என்பது ஒரு திட்டம் குறைத்த ஒரு டன் கரியமில வாயு. வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற சான்றளிக்கும் அமைப்புகளின் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. உங்களுக்கு விற்றதும் அந்த எண்ணை நிரந்தரமாக நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதே டன்னை இன்னொருவர் தலையிலும் கட்டலாம். பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம்: திட்டம் எது, எந்த நாடு, எந்த ஆண்டில் உமிழ்வு குறைந்தது, எல்லாம் அதில் இருக்கும். மரக்கன்று படம் போட்ட சான்றிதழை அனுப்பிவிட்டு, எண்ணைக் கேட்டால் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

எண் கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. இந்தப் பணம் வராவிட்டாலும் அந்தத் திட்டம் நடந்திருக்குமா? இதுதான் முதன்மையான கேள்வி. காற்றாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகள் நிறுவிய காற்றாலைகள் பலவும் கியோட்டோ காலநிலை ஒப்பந்த காலத்தில் கிரெடிட்டுக்காகப் பதிவானவை. இன்று காற்றாலை தானே லாபம் தருகிற தொழில். உங்கள் முந்நூறு ரூபாய்க்காக எந்த முதலாளியும் காத்திருக்கவில்லை. கார்பன் சந்தையின் தரத்தை மதிப்பிடும் சர்வதேசக் குழு ஒன்று, புழக்கத்தில் இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கணக்கீட்டு முறைகளுக்கு 2024இல் தன் தரமுத்திரையை மறுத்துவிட்டது. விலை மலிவாக இருப்பவற்றில் இந்த வகை ஏராளம்.

புகை குறைந்த அடுப்புத் திட்டங்கள் கேட்க இதமாக இருக்கும். களத்தில் ஒரு வீட்டில் அந்த அடுப்பைக் காட்டச் சொன்னபோது, பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். அடியில் ஒட்டிய காகிதம்கூடக் கருகவில்லை. பக்கத்தில் கேஸ் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவணத்திலோ, அந்த வீடு ஆண்டு முழுக்க அதில் சமைப்பதாகக் கணக்கு. ஒரு வீட்டை வைத்துத் திட்டத்தையே தள்ளிவிட முடியாதுதான். ஆனால் 2024இல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் வந்த ஆய்வு, இத்தகைய திட்டங்கள் சராசரியாக ஒன்பது மடங்குக்கும் மேல் மிகைப்படுத்திக் கிரெடிட் பெற்றிருந்ததாகச் சொன்னது. அடுப்பு உண்மையில் எரிகிறதா என்பதைக் கருவி பொருத்தி அளக்கும் திட்டங்களும் உண்டு. அடுப்புதான் வேண்டுமென்றால் அவற்றைத் தேடுங்கள்.

காடுகளின் கதை இன்னும் சிக்கல். வெர்ரா சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வெற்றுக் காகிதம் என்று 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் எழுதியது. வெர்ரா அதை மறுத்தது. கணக்கு சரியாகவே இருந்தாலும் காடு எரியலாம். 2021இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பற்றிய பூட்லெக் தீயில் கிரெடிட் விற்ற காடும் கருகியது.

இன்னொன்று, உங்கள் பயணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது. சென்னையிலிருந்து லண்டன் போய்த் திரும்ப, எகானமி வகுப்பில் ஒருவருக்குத் தோராயமாக ஒரு டன்னை ஒட்டி வரும். பிசினஸ் வகுப்பு என்றால் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, காரணம் இருக்கை அடைத்துக்கொள்ளும் இடம். விமானத்தின் பின்னே நீளும் வெண்கோடுகளும் பூமியைச் சூடாக்குகின்றன. அதைச் சேர்த்தார்களா, விட்டார்களா என்று கேளுங்கள். ஈடு விற்கும் ஜெர்மனியின் அட்மாஸ்ஃபேர் அதைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. காட்டுத் திட்டங்களை எடுப்பதில்லை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. எதை விற்க மாட்டோம் என்று சொல்கிற விற்பனையாளர் மீது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

ஒன்றிரண்டு டன் வாங்குபவரின் பெயரில் தனியாக நீக்கம் நடப்பது அரிது. பலருடையதைச் சேர்த்து மொத்தமாக நீக்குவார்கள், அதில் தவறில்லை. அப்படியானால் அந்தத் தொகுப்பின் எண்களையும், விற்ற டன்னும் நீக்கிய டன்னும் பொருந்துவதாக வெளித் தணிக்கையாளர் தந்த அறிக்கையையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.