குரோனோகிராஃப்: சொல்லின் வேரும் ஒரு பொறியின் மீட்டுருவாக்கமும்

‘குரோனோகிராஃப்’ என்பது காலத்தைக் குறிக்கும் ‘குரோனோஸ்’, எழுதுதலைக் குறிக்கும் ‘கிராஃபெயின்’ ஆகிய கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான பெயர். வழக்கம்போல் மணி காட்டிக்கொண்டே, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியதும் ஒரு நிகழ்வுக்கு ஆகும் நேரத்தைத் தனி முள்ளால் அளந்து காட்டும் கைக்கடிகாரத்தையே இன்று இச்சொல் குறிக்கிறது. அந்தக் கடிகாரம் எதையும் எழுதுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் உண்மையாகவே எழுதியது. 1821-இல் பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்தில், பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் நிக்கோலா ரியூசெக் அமைத்த கருவி, குதிரைகள் எல்லைக்கோட்டைக் கடந்த நேரங்களைச் சுழலும் தட்டின்மேல் மைப்புள்ளிகளாகப் பதித்தது. லூயி முவானே என்பவர் வானியல் நோக்குக்காக நொடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கும் கருவியை 1816-இலேயே செய்திருந்தார் என்பது 2013-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. எனவே கருவியில் மூத்தவர் முவானே என்றாலும், பெயர் வந்தது ரியூசெக்கின் மையிலிருந்துதான்.

மை பின்னர் மறைந்தது. முள்ளை ஒரே அழுத்தில் சுழியத்துக்குத் திருப்பும் இதய வடிவ வட்டுக்கு அடால்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை பெற்ற பிறகு, தொடங்குதல், நிறுத்துதல், திரும்புதல் என்ற மூன்று செயல்களும் இப்பொறியின் இலக்கணமாயின.

இந்த இலக்கணத்தின் அழகைச் சுவிஸ் கடிகார நிறுவனமான ஒமேகாவின் ‘கேலிபர் 321’ பொறியில் காணலாம். கடிகாரத்துக்குள் இருக்கும் முழுப் பொறியமைப்பின் வகையைக் குறிக்கும் ‘கேலிபர்’ என்ற சொல், வார்ப்பச்சைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது. சுவிட்சர்லாந்தின் லெமானியா தொழிலகத்தில் ஆல்பெர் பிகே 1940-களின் தொடக்கத்தில் வடிவமைத்த, 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொறியே இதன் மூலம். பொத்தானை அழுத்தினால், நிமிர்ந்த சிறு தூண்களைக் கொண்ட தூண்சக்கரம் ஒரு படி நகர்கிறது. தூணின்மேல் ஏறியிருந்த நெம்புகோல் நுனி இடைவெளிக்குள் இறங்க, நெம்புகோலில் உள்ள சிறு பற்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் விசையை அளவை முள்ளுக்குக் கடத்துகிறது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து என்பதால், அந்த முள் ஐந்தில் ஒரு நொடி அளவில் அடி எடுத்து வைக்கும்.

1957-இல் வெளிவந்த ஒமேகாவின் ‘ஸ்பீட்மாஸ்டர்’ குரோனோகிராஃபை இயக்கியது இதுவே. 1965-இல் நாசாவின் கடுஞ்சோதனைகளைத் தாண்டிய கடிகாரத்துக்குள்ளும், அதே ஆண்டு விண்கலத்துக்கு வெளியே மிதந்த அமெரிக்க விண்வெளி வீரர் எட் வைட்டின் கையிலிருந்த கடிகாரத்துக்குள்ளும் இதுவே இருந்தது. ஆயினும் 1968-இல், தூண்சக்கரத்துக்குப் பதிலாக எளிதில் செய்யத்தக்க நெம்புவட்டு (கேம்) அமைப்பைக் கொண்ட ‘861’ என்ற பொறி அதன் இடத்தைப் பிடித்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 2019 ஜனவரியில், 321-ஐ மீண்டும் தயாரிக்கப்போவதாக ஒமேகா அறிவித்தது. அதற்கு முந்தைய ஈராண்டு ஆய்வு ‘அலாஸ்கா 11’ என்ற மறைபெயரில் நடந்தது. 1972-இல் அப்போலோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் அணிந்திருந்த கடிகாரத்தைப் பிரிக்காமலேயே ஊடுகதிர் கொண்டு அடுக்கடுக்காகப் படம்பிடித்து, உறுப்புகளின் வடிவத்தை அறிந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இதற்கென்றே அமைந்த பணிமனையில், ஒரு பொறியை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் இறுதிவரை கோக்கிறார். பழைய உருவத்தில் புதிய பொறியை அடைத்து விற்பதை ‘மீட்பு’ என்பது இத்துறையில் மலிந்துவிட்ட காலத்தில், இதுவே ‘மீட்டுருவாக்கம்’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது என்பது என் துணிபு.

இனித் தமிழ்ப் பெயர். நிலநடுக்கவரைவி என்பதன் வழியில் ‘காலவரைவி’ என்று ஆக்கினால் அது கிரேக்க வேருக்கு நேர்மையாக இருக்கும். ஆனால் ரியூசெக்கின் மைக்கருவிக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். பள்ளி ஆய்வகங்களில் பழகிய ‘நிறுத்துக்கடிகாரம்’ என்பதும் போதாது; குரோனோகிராஃபில் அளவை முள் நின்றாலும் மணி காட்டும் முட்கள் நிற்பதில்லை. ‘காலமானி’ என்பதைக் குரோனோமீட்டருக்கே விட்டுவிட வேண்டும். அது துல்லியத்துக்குச் சான்று பெற்ற கடிகாரம். ஒலி ஒப்புமையால் இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் விற்பனைக் கடைகள் வரை பரவியிருக்கிறது.

1970-இல் நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ 13 விண்கலம் பழுதுற்றபோது, பாதையைத் திருத்த இயந்திரத்தை 14 நொடிகள் மட்டும் இயக்க வேண்டியிருந்தது. அதிலிருந்த வீரர் ஜாக் சுவைகர்ட் அந்த நேரத்தைத் தம் ஒமேகாவில் அளந்தார். அப்போது மணி என்ன என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேரமே தேவைப்பட்டது. ஆகவே, வெப்பமானி, அழுத்தமானி என்ற வரிசையில், ‘இடைநேரமானி’ என்பதே பொருத்தமான சொல்லென்று கருதுகிறேன். கைக்கடிகாரத்தைக் குறிக்கும்போது ‘இடைநேரமானிக் கடிகாரம்’ என்றும், 321 போன்ற உள்ளமைப்பைக் குறிக்கும்போது ‘இடைநேரமானிப் பொறி’ என்றும் எழுதலாம். ‘காலவரைவி’ என்பதை, 1821-இன் கருவியைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளில் வழங்கலாம்.