ரசிகர் வீடியோவுக்குக் காப்பிரைட் நோட்டீஸ் வந்தால்: க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு

பிடித்த தொடரிலிருந்து காட்சிகளை வெட்டி, பிடித்த பாட்டின் தாளத்துக்குச் சரியாக ஒட்டி, ராத்திரியெல்லாம் கண்விழித்து மூன்று நிமிட எடிட் ஒன்றைச் செய்து முடிக்கிறீர்கள். யூடியூபில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மின்னஞ்சல் வந்து நிற்கிறது: வீடியோவில் பதிப்புரிமை உள்ள இசை இருக்கிறதாம். பதறிப்போய் வீடியோவையே அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கோபத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) பொத்தானை அழுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். வந்திருப்பது க்ளெய்மா (‘இது எங்களுடையது’ என்ற உரிமைக் கோரல்), ஸ்ட்ரைக்கா (சேனலுக்கே விழும் தண்டனைப் புள்ளி) என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

(பலரும் இதைக் ‘காப்புரிமை’ என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட். பாட்டுக்கு, படத்துக்கு, எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை.)

பாட்டு என்று நாம் சொல்வதில் சட்டப்படி இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் வேறுவேறாக இருக்கலாம். அதனால்தான் ஒரே வீடியோவுக்கு இரண்டு க்ளெய்ம்கூட வருகிறது. ‘நானே பாடினேன், அப்புறம் எப்படி?’ என்று கேட்பவருக்கும் பதில் இதுதான்: ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு உங்களுடையதல்ல.

காட்சிகளுக்குச் சொந்தக்காரர் சும்மா இருக்க, பாட்டுக்குச் சொந்தக்காரர் வந்து கதவைத் தட்டுவது பழைய கதை. யூடியூப் தொடங்கிய அதே 2005இல், அனிமே ரசிகர் வீடியோக்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு தளத்திடம் விண்ட்-அப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் தன் கலைஞர்களின் பாட்டுகள் உள்ள வீடியோக்களை நீக்கச் சொன்னது. எவனெசன்ஸ், கிரீட், சீதர் ஆகிய குழுக்களின் பாட்டுகள் அவை.

இப்போது தட்டுவது பெரும்பாலும் மனிதரல்ல. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற மென்பொருள், இசை நிறுவனங்கள் கொடுத்து வைத்துள்ள ஒலிப்பதிவுகளோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் தானாகவே க்ளெய்ம் விழும். அதன் பிறகு உரிமையாளர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: வீடியோவைத் தடுக்கலாம், அதில் விளம்பரம் போட்டுப் பணத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இந்த க்ளெய்மால் உங்கள் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழாது. விளம்பரப் பணம் போவது பரவாயில்லை என்றால் எதுவுமே செய்யாமல் விட்டுவிடலாம். பொழுதுபோக்காக எடிட் செய்பவருக்குப் பெரும்பாலும் நான் சொல்வது இதைத்தான்.

வீடியோ தடுக்கப்பட்டிருந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் க்ளெய்ம் விவரத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பாட்டு, எத்தனையாவது விநாடியிலிருந்து எத்தனையாவது விநாடி வரை, யார் கோருகிறார்கள் என்று இருக்கும். அங்கேயே அந்தத் துண்டை வெட்டலாம், பாட்டை மட்டும் ஒலியடக்கலாம், வேறு பாட்டை மாற்றி வைக்கலாம்.

மென்பொருள் தப்பும் செய்யும். 2018இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ கலைஞர், 1750இல் இறந்த இசையமைப்பாளர் பாக்கின் இசையைத் தன் கையால் வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 விநாடி தங்களுடையது என்று சோனி மியூசிக்கின் பேரில் க்ளெய்ம் வந்தது. அவர் ஊரறியச் சண்டை போட்ட பிறகுதான் அது விலகியது. டிஸ்ப்யூட் பொத்தான் இருப்பது இப்படிப்பட்டவற்றுக்கு.

யூடியூபில் டிஸ்ப்யூட் செய்தால் உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் இல்லையென்றால் க்ளெய்ம் காலாவதி. அவர் மறுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு 7 நாள். அங்கேயும் அவர் விடவில்லையென்றால் முறைப்படி நீக்கக் கோருவார். வீடியோ போகும், ஸ்ட்ரைக் விழும். நியாயமில்லாத டிஸ்ப்யூட்டை எடுத்துக்கொண்டு மேலே மேலே ஏறினால் போய் நிற்கும் இடம் இதுதான்.

ஸ்ட்ரைக் விளையாட்டல்ல. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். இதன் பின்னால் இருப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம். நீக்கம் தவறு என்று உறுதியாக நம்பினால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் வீடியோ திரும்பி வர வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பில் உங்கள் உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கொடுத்தாக வேண்டும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கும் சம்மதிக்க வேண்டும். அது அப்படியே எதிர்த்தரப்பின் கைக்குப் போகும். புனைபெயரில் எடிட் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கட்டும்.

சரி, எதைக் காட்டி வாதாடுவது? ‘எல்லா உரிமையும் அவர்களுக்கே’ என்று கீழே எழுதியது உதவாது. பத்து விநாடிதான் எடுத்தேன் என்பதும் உதவாது. அப்படி ஒரு விநாடிக் கணக்கு அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. காசு பண்ணவில்லை என்பது மட்டும் கொஞ்சம் எடை சேர்க்கும், அதுவும் தனியாக நிற்காது. அமெரிக்காவின் ஃபேர் யூஸ் (அனுமதியில்லாமலே நியாயமாகப் பயன்படுத்த இடம் தரும் விதி), நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு என்று நான்கையும் சேர்த்துப் பார்க்கும். பாடகர் பிரின்ஸின் பாட்டுக்கு ஒரு குழந்தை ஆடிய 29 விநாடி வீடியோவை 2007இல் யுனிவர்சல் இசை நிறுவனம் நீக்கச் சொன்னது. குழந்தையின் தாய் வழக்குப் போட்டார். நீக்கக் கோருமுன் ஃபேர் யூஸை யோசித்துப் பார்க்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்ல வைக்கவே எட்டு வருஷம்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். கனடா 2012இல் வணிக நோக்கமில்லாத பயனர் வீடியோக்களுக்கென்றே ஒரு விலக்கு கொண்டுவந்தது. மூலப் படைப்பின் சந்தையைக் கணிசமாகக் கெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவு மேற்கோள், விமர்சனம், கேலி, பாணித் தழுவல் ஆகியவற்றைக் காப்பாற்றுகிறது; நீக்கத்தின் மீது புகார் வந்தால் மனிதர் ஒருவர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் உள்ள நியாயமான பயன்பாடு சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி என்ற வட்டத்துக்குள் நிற்பது. வெறும் ரசனைக்காகச் செய்த எடிட்டை அதில் நுழைப்பது கஷ்டம்.

இன்னொன்று. குறும்வீடியோ செயலிக்குள்ளேயே தேடி எடுத்துப் போட்ட பாட்டுக்கு அந்தச் செயலிதான் அனுமதி வாங்கி வைத்திருக்கிறது. அதே வீடியோவை இறக்கி வேறு தளத்தில் ஏற்றினால், அனுமதி கூடவே வராது.